ஒவ்வாமை ஊசி: அரை மணி நேரமும் மூன்று வருடமும்

தும்மலுக்கு யாரும் அனுதாபப்படுவதில்லை. காய்ச்சல் என்றால் நெற்றியில் கை வைத்துப் பார்ப்பார்கள். கால் ஒடிந்தால் ஆரஞ்சுப் பழத்தோடு வந்து பார்ப்பார்கள். தும்மினால்? முதல் தும்மலுக்கு "நூறு!" என்று வாழ்த்துவார்கள். பத்தாவது தும்மலுக்குச் சிரிப்பார்கள். இருபதாவது தும்மலுக்குக் கொஞ்சம் தள்ளி உட்காருவார்கள். நல்ல காரியத்துக்குக் கிளம்பும் நேரமாக இருந்துவிட்டால் போச்சு, சகுனம் சரியில்லை என்று தண்ணீர் குடித்துவிட்டுத்தான் கிளம்புவார்கள்!

ஆனால் வருடக்கணக்கில் தும்மலோடு வாழ்கிறவர்களுக்கு அது சிரிக்கிற விஷயம் இல்லை. மூக்கு அடைத்துக்கொண்டு இரவெல்லாம் வாயால் மூச்சு விட்டவருக்குக் காலையில் தலை கனக்கும். தொண்டை காய்ந்து கிடக்கும். கண் அரிக்கும். மாத்திரை போட்டால் சிலருக்குத் தூக்கம் தூக்கமாக வரும். வகுப்பில் முதல் பெஞ்சு, தேர்வு அறை, நேர்முகத் தேர்வு என்று எங்கே போனாலும் கையில் கைக்குட்டை இருக்க வேண்டும். இதையே பத்து வருடம் செய்து பாருங்கள், தெரியும்.

இந்த நோய்க்கு மாத்திரை உண்டு, மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே உண்டு. இரண்டும் நல்ல மருந்துகள்தான். பலருக்கு அவையே போதும். ஆனால் அவற்றைப் பயன்படுத்தும் வரைதான் பலன். நிறுத்தினால் தும்மல் திரும்ப வந்துவிடும். நோயின் போக்கையே மாற்றக்கூடிய சிகிச்சை ஒன்று இருக்கிறது. அதற்கு வயது நூறுக்கும் மேல். அதுதான் ஒவ்வாமை ஊசி. மருத்துவர்கள் 'அலர்ஜன் இம்யூனோதெரபி' என்பார்கள்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடுவது நல்லது. நம் ஊரில் 'அலர்ஜி ஊசி' என்றால் பலருக்கும் நினைவுக்கு வருவது, உடம்பெல்லாம் தடித்து அரிக்கும்போது டாக்டர் போடுகிற ஏவில் ஊசி. அது வேறு. மாதக்கணக்கில் வேலை செய்யும் ஸ்டீராய்டு ஊசியைச் சிலர் தும்மலுக்குப் போட்டுக்கொள்வதும் உண்டு. அதுவும் வேறு. இங்கே சொல்லப்படும் ஊசியில் மருந்து என்று தனியாக எதுவும் கிடையாது. எந்தப் பொருள் உங்களுக்கு ஒத்துக்கொள்ளவில்லையோ, அதையே மிக மிகக் கொஞ்சமாக உடம்புக்குள் செலுத்துவார்கள். தூசி ஒத்துக்கொள்ளாதவருக்குத் தூசிப் பூச்சியின் சாறு. மகரந்தம் ஒத்துக்கொள்ளாதவருக்கு அந்த மகரந்தத்தின் சாறு. முள்ளை முள்ளால் எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

தவறான காரணம், சரியான மருந்து

இந்த யோசனை வந்த கதை சுவாரசியமானது. 1819ல் ஜான் பாஸ்டாக் என்ற ஆங்கில மருத்துவர், கோடை வந்தால் தனக்கு வரும் கண் அரிப்பையும் தும்மலையும் லண்டனில் மருத்துவர்கள் சங்கத்தில் விவரித்தார். காரணம் யாருக்கும் தெரியவில்லை. மான்செஸ்டரில் இருந்த சார்லஸ் பிளாக்லி என்ற மருத்துவருக்கும் அதே தொல்லை இருந்தது. அவர் தன் தோலைக் கீறி அதில் மகரந்தத்தை வைத்துப் பார்த்தார். பட்டம் விட்டுக் காற்றில் மிதக்கும் மகரந்தத்தைப் பிடித்தார். புல்லின் மகரந்தம்தான் குற்றவாளி என்று 1873ல் புத்தகமாகவே எழுதினார்.

பிறகு லண்டன் செயின்ட் மேரி மருத்துவமனை. ஆல்ம்ராத் ரைட் என்பவரின் தடுப்பூசித் துறையில் லெனார்ட் நூன் என்ற இளம் மருத்துவர் வேலை பார்த்தார். (அதே துறையில் இருந்த அலெக்சாண்டர் ஃபிளெமிங்தான் பின்னாளில், 1928ல், பெனிசிலினைக் கண்டுபிடித்தவர்.) மகரந்தத்தில் ஏதோ விஷம் இருக்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக ஊசி மூலம் கொடுத்தால் உடம்பு அந்த விஷத்துக்குப் பழகிவிடும் என்று நூன் நினைத்தார். திமோத்திப் புல் என்ற புல்லின் மகரந்தத்தைச் சாறெடுத்து ஊசியாகப் போட்டார். நோயாளியின் கண்ணில் அந்தச் சாற்றைச் சொட்டுவிட்டு, எவ்வளவு அடர்த்தியில் கண் சிவக்கிறது என்று பார்த்து முன்னேற்றத்தை அளந்தார். 1911 ஜூனில் 'லான்செட்' இதழில் அவர் கட்டுரை வந்தது. இரண்டே வருடத்தில், 1913ல், காசநோயால் இறந்துபோனார். வயது முப்பத்தைந்து சொச்சம்தான். அவரோடு வேலை செய்த ஜான் ஃப்ரீமன் அதைத் தொடர்ந்தார்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நூன் நினைத்த காரணம் தவறு. மகரந்தத்தில் விஷம் எதுவும் இல்லை. தப்பு மகரந்தத்தின் மேல் இல்லை, நம் உடம்பின் மேல்தான்! பரம சாதுவான ஒரு பொருளைப் பார்த்து நம் நோய் எதிர்ப்பு மண்டலம் எதிரி வந்துவிட்டான் என்று கூப்பாடு போடுகிறது. அதற்காக ஐஜிஇ என்ற எதிர்ப்பொருளைத் தயாரிக்கிறது. இந்த ஐஜிஇயை ஜப்பானிய விஞ்ஞானிகளான இஷிசாகா தம்பதியர் அமெரிக்காவிலும், யோஹான்சன், பென்னிக் இருவரும் ஸ்வீடனிலும் 1960களின் நடுவில் தனித்தனியாகக் கண்டுபிடித்தார்கள். 1968ல் அதற்கு ஐஜிஇ என்று பெயர் வைக்கப்பட்டது. அதாவது, ஊசி ஏன் வேலை செய்கிறது என்று புரிவதற்கு அரை நூற்றாண்டு முன்பே ஊசி வேலை செய்துகொண்டிருந்தது.

இன்று தெரிந்தது இதுதான். ஐஜிஇ, மாஸ்ட் செல் என்ற அணுக்களின் மேல் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும். தூசியோ மகரந்தமோ வந்து தொட்டதும் அந்த அணுக்கள் ஹிஸ்டமின் முதலான பொருட்களைக் கொட்டும். தும்மல், நீர் ஒழுகல், அரிப்பு எல்லாம் அதன் விளைவு. அதே பொருளை ஊசி மூலம் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டே போனால், கூப்பாட்டை அடக்கும் வேறு வகை அணுக்கள் பெருகுகின்றன. ஐஜிஜி4 என்ற இன்னொரு எதிர்ப்பொருளும் உருவாகி, தூசி ஐஜிஇயைப் போய்ச் சேரும் முன்பே வழிமறிக்கிறது. இதெல்லாம் ஒரு நாளில் நடக்கிற காரியம் இல்லை. ஊரில் ஒரு பழைய பகையைத் தீர்க்கவே எத்தனை பஞ்சாயத்து தேவைப்படுகிறது!

முதலில் பரிசோதனை

சென்னையில் படிக்கும் ஒரு கல்லூரி மாணவியின் அனுபவம் இதைப் புரிந்துகொள்ள உதவும். ஏழாம் வகுப்பிலிருந்து தும்மல். பிளஸ் டூ படிக்கும்போது இரவில் லேசான இழுப்பும் சேர்ந்துகொண்டது. வீட்டில் செய்யாத வைத்தியம் இல்லை. நொச்சி இலை போட்டு ஆவி பிடித்தாயிற்று. பாட்டியின் தூதுவளை ரசம் வாரம் இரண்டு முறை. கல்லூரி இரண்டாம் ஆண்டில்தான் ஒவ்வாமை மருத்துவரிடம் போனாள்.

போனதும் ஊசி போட்டுவிடவில்லை. ஒரு வாரத்துக்கு செட்டிரிசின் மாத்திரையை நிறுத்திவிட்டு வரச் சொன்னார். அந்த மாத்திரை உடம்பில் இருந்தால் பரிசோதனை சரியாகத் தெரியாது. அந்த ஒரு வாரம் இருக்கிறதே... மாத்திரை இல்லாமல் மூக்கு எப்படி இருக்கும் என்று அவள் மறந்தே போயிருந்தாள்.

பரிசோதனை எளிதானது. முன்கையில் பேனாவால் கோடு போட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு சொட்டு சாறு வைத்து, சின்ன ஊசி முனையால் தோலை லேசாகக் குத்துவார்கள். ரத்தம் வராது. ஒரு சொட்டு வெறும் உப்பு நீர், அதற்குத் தடிக்கக் கூடாது. ஒரு சொட்டு ஹிஸ்டமின், அதற்குக் கட்டாயம் தடிக்க வேண்டும். இந்த இரண்டையும் வைத்துத்தான் மற்றவற்றை அளப்பார்கள். பதினைந்து, இருபது நிமிடத்தில் முடிவு தெரிந்துவிடும். அவளுக்கு வீட்டுத் தூசிப் பூச்சிக்குக் கொசு கடித்ததை விடப் பெரிதாகத் தடித்தது. கரப்பானுக்கும் சின்னதாக ஒரு தடிப்பு.

"அப்ப ரெண்டுக்கும் ஊசி போடணுமா டாக்டர்?"

"தடிச்சதெல்லாம் நோய் ஆகாதும்மா. உனக்கு எப்பெப்ப தும்மல் வருது, அதைச் சொல்லு."

காலையில் எழுந்ததும், மெத்தையை உதறும்போது, பழைய துணி மூட்டையைப் பிரிக்கும்போது. மூன்றும் தூசிப் பூச்சியைத்தான் காட்டின. இது முக்கியமான விஷயம். தோலிலோ ரத்தத்திலோ ஒரு பொருளுக்கு ஐஜிஇ இருப்பது ஒன்று, அந்தப் பொருளால் நோய் வருவது வேறொன்று. சோதனையில் வந்த எல்லாவற்றையும் ஒரே குப்பியில் கலந்து ஊசி போட யாராவது சொன்னால், ஏன் என்று கேளுங்கள்.

இந்தத் தூசிப் பூச்சி கண்ணுக்குத் தெரியாது. நீளம் ஒரு மில்லிமீட்டரில் மூன்றில் ஒரு பங்கு இருக்கும். நம் உடம்பிலிருந்து உதிரும் தோல் துகள்தான் அதன் சாப்பாடு. ஈரக்காற்று அதற்குப் பிடிக்கும், அதனால் கடற்கரை ஊர்களில் அதற்குக் கொண்டாட்டம். வீட்டுத் தூசியில் ஒவ்வாமை தருவது இந்தப் பூச்சிதான் என்று 1960களில் நெதர்லாந்தின் லைடன் நகர ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். உண்மையில் நமக்கு ஒத்துக்கொள்ளாதது பெரும்பாலும் அதன் எச்சம்தான். இருபது வருடப் பழைய இலவம் பஞ்சு மெத்தையில் படுத்துக்கொண்டு ஊசி மட்டும் போட்டால் போதாது. படுக்கை விரிப்பையும் தலையணை உறையையும் வாரம் ஒரு முறை நல்ல வெந்நீரில் துவைக்க வேண்டும். மெத்தைக்கும் தலையணைக்கும் நெருக்கமாக நெய்த உறை போட வேண்டும்.

டாக்டர் கடைசியாகக் கேட்ட கேள்விதான் கடினமானது.

"குறைஞ்சது மூணு வருஷம் வரணும். முடியுமா?"

இரண்டாம் ஆண்டு மாணவிக்கு மூன்று வருடம் என்பது படிப்பு முடிந்து, வேலை கிடைத்து, வேறு ஊருக்குப் போய்... யார் கண்டது? அவள் ஒரு வாரம் யோசித்துவிட்டுத்தான் சரி என்றாள். அப்படி யோசித்தது நல்லது. பாதியில் விட நேரும் என்றால் ஆரம்பிக்காமல் இருப்பதே மேல். வேறு ஊருக்குப் போனாலும் சிகிச்சையைத் தொடர முடியும். என்ன சாறு, எவ்வளவு அடர்த்தி, கடைசியாக எவ்வளவு அளவு, எப்போது என்ற விவரம் எழுத்தில் கையில் இருக்க வேண்டும். அவ்வளவுதான்.

ஊசி எப்படி இருக்கும்?

வலியைப் பற்றிய பயம் தேவையில்லை. சர்க்கரை நோயாளிகள் இன்சுலின் போட்டுக்கொள்கிற மாதிரி மெல்லிய ஊசி. மேல்கையின் பின்பக்கம், தோலுக்கும் தசைக்கும் நடுவில் போடுவார்கள். எறும்பு கடித்த மாதிரி இருக்கும்.

முதல் கட்டத்தில் வாரம் ஒன்று அல்லது இரண்டு ஊசி. கடைசியில் எட்ட வேண்டிய அடர்த்தியை ஆயிரம் மடங்கு, சில சமயம் அதற்கும் மேல், நீர்க்கச் செய்த குப்பியிலிருந்து ஆரம்பிப்பார்கள். ஒவ்வொரு வாரமும் அளவைக் கூட்டி, ஒரு குப்பி முடிந்ததும் பத்து மடங்கு அடர்த்தியான அடுத்த குப்பிக்குப் போவார்கள். குப்பி மாறிவிடக் கூடாது என்பதற்காக அமெரிக்காவில் மூடிக்கு நிறம் வைத்திருக்கிறார்கள். பச்சை, நீலம், மஞ்சள், கடைசியில் சிவப்பு. சிவப்புதான் முழு அடர்த்தி. இந்த ஏறுமுகம் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை நடக்கும். அதன் பிறகு அதே அளவில் இரண்டு வாரத்துக்கோ நான்கு வாரத்துக்கோ ஒரு ஊசி. அதுதான் மூன்றிலிருந்து ஐந்து வருடம் வரை போகும்.

ஊசி போட்ட இடம் சிவந்து, வீங்கி, அரிப்பது சகஜம். சிலருக்கு உடனே வரும், சிலருக்கு ராத்திரியில் வரும். ஐஸ் கட்டியைத் துணியில் சுற்றி வைத்தால் அடங்கும். உள்ளங்கை அகலத்துக்கு வீங்கினால் அடுத்த முறை ஊசிக்கு முன்பே சொல்லிவிட வேண்டும். அவர்கள் அளவை மாற்றுவதா என்று முடிவு செய்வார்கள்.

அந்த அரை மணி நேரம்

எல்லோருக்கும் எரிச்சல் தருவது ஊசி இல்லை, ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் அங்கேயே உட்கார வேண்டும் என்பதுதான். ஒரு நிமிட வேலைக்கு அரை மணி காத்திருப்பா? பழைய வாரப் பத்திரிகையைப் புரட்டிக்கொண்டு, சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு...

காரணம் இருக்கிறது. எந்தப் பொருள் ஒத்துக்கொள்ளாதோ அதையே அல்லவா உள்ளே செலுத்தியிருக்கிறார்கள்? மிகச் சிலருக்கு அது உடம்பு முழுவதும் எதிர்வினையைக் கிளப்பிவிடும். உடம்பெல்லாம் காணாக்கடி, தொண்டை அடைப்பு, மூச்சுத் திணறல், ரத்த அழுத்தம் சரிவு. ஏறத்தாழ ஆயிரம் ஊசிக்கு ஒன்று என்ற அளவில் இது நடக்கிறது, அதில் பெரும்பாலானவை லேசானவை. உயிர் போவது மிக மிக அரிது, அமெரிக்கக் கணக்குப்படி பல லட்சம் ஊசிக்கு ஒன்று. ஆனால் அரிது என்பதற்காக அலட்சியம் கூடாது. பிரிட்டனில் 1957 முதல் இந்த ஊசியால் 26 பேர் இறந்திருந்தார்கள் என்று 1986ல் அந்நாட்டு மருந்துப் பாதுகாப்புக் குழு அறிவித்தது. முதலுதவி வசதி உள்ள இடத்தில்தான் போட வேண்டும், போட்ட பின் இரண்டு மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்று கட்டுப்பாடு வந்தது. (பிறகு அந்த நேரம் குறைக்கப்பட்டது.) இந்த ஊசி பிறந்த நாட்டிலேயே அது கிட்டத்தட்ட வழக்கொழிந்து போனது! ஆஸ்துமா கட்டுக்குள் இல்லாதவர்களுக்கே ஆபத்து அதிகம் என்பது இப்போது தெளிவாகத் தெரியும். கடுமையான எதிர்வினை பெரும்பாலும் முதல் அரை மணி நேரத்திலேயே வந்துவிடும் என்பதும் தெரியும்.

அந்த மாணவிக்குப் பதினொன்றாவது வாரம். புதுக் குப்பியிலிருந்து முதல் ஊசி. அன்றைக்குக் கல்லூரியில் பிராக்டிகல் தேர்வு வேறு.

"சிஸ்டர், பத்து நிமிஷம் ஆயிடுச்சு. இன்னைக்கு மட்டும் கிளம்பட்டுமா? பிராக்டிகல் இருக்கு."

"அரை மணி ஆகட்டும்மா. உக்காரு."

"ஒண்ணும் ஆகல சிஸ்டர். இத்தனை வாரமா எதுவும் ஆனதில்லையே."

"உக்காரும்மான்னா."

பதினெட்டாவது நிமிடம் உள்ளங்கை அரித்தது. காது மடல் சூடானது. அடுத்து தொண்டையில் ஏதோ உருண்டை அடைத்த மாதிரி இருந்தது. இருமினாள். சிஸ்டர் திரும்பிப் பார்த்த வேகத்தில் டாக்டரைக் கூப்பிட்டார். தொடையில் அட்ரினலின் ஊசி போட்டார்கள். படுக்க வைத்துக் காலை உயர்த்தி வைத்தார்கள். சில நிமிடங்களில் தொண்டை இளகியது. இதயம் மட்டும் வெகுநேரம் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அது அட்ரினலினின் வேலை. மதியம் வரை அங்கேயே வைத்திருந்து பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார்கள். பிராக்டிகலைப் பிறகு வேறொரு நாள் எழுதினாள்.

பத்தாவது நிமிடத்தில் அவளை விட்டிருந்தால் அந்தப் பதினெட்டாவது நிமிடம் மாநகரப் பேருந்தில், நின்றுகொண்டிருக்கும் கூட்டத்துக்கு நடுவில் வந்திருக்கும். அட்ரினலினுக்கு எங்கே போவது?

"போதும்மா இந்த ஊசி. தும்மினா தும்மிட்டுப் போ" என்றார் அம்மா. நியாயமான பயம்தான். டாக்டர் அவசரப்படுத்தவில்லை. இப்படி ஒரு முறை ஆனாலே எல்லோரும் நிறுத்த வேண்டியதில்லை, சிலர் நிறுத்தத்தான் வேண்டும், ஒவ்வொருவருக்கும் தனியாகத்தான் முடிவு செய்ய வேண்டும் என்று விளக்கினார். அவளுக்கு அளவைப் பல படி குறைத்து, மெதுவாக ஏறலாம் என்று முடிவானது. ஏறுமுகம் ஆறு மாதத்துக்குப் பதில் எட்டு மாதம் ஆனது. அதன் பிறகு அப்படி எதுவும் நடக்கவில்லை.

ஆகவே ஊசி போடும் முன் நீங்களே சொல்ல வேண்டியவை சில உண்டு. நேற்று இரவு இழுப்பு இருந்ததா? காய்ச்சல் உண்டா? போன முறை எவ்வளவு வீங்கியது? புதிதாக ஏதாவது மருந்து ஆரம்பித்திருக்கிறீர்களா? ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் கொடுக்கும் 'பீட்டா பிளாக்கர்' வகை மாத்திரைகள் இருந்தால் அட்ரினலின் சரியாக வேலை செய்யாமல் போகலாம். கர்ப்பமாக இருக்கும்போது இந்தச் சிகிச்சையைப் புதிதாக ஆரம்பிப்பதில்லை. ஏற்கனவே போட்டுக்கொண்டிருந்தால் அளவைக் கூட்டாமல் தொடரலாம். ஊசி போட்ட அன்று இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஓட்டம், ஜிம் எல்லாம் வேண்டாம். இடையில் சில வாரம் விட்டுப்போனால், விட்ட இடத்திலிருந்து தொடராமல் அளவைக் குறைத்துத்தான் ஆரம்பிப்பார்கள். அட்ரினலின் கையில் இல்லாத இடத்தில், காத்திருக்க வேண்டாம் என்று சொல்கிற இடத்தில் இந்த ஊசியைப் போட்டுக்கொள்ளாதீர்கள்.

ஒன்றுமே நடக்காத மாதங்கள்

எதிர்வினையைப் பார்த்துப் பயந்து நிறுத்துபவர்களை விட, ஒன்றுமே நடக்கவில்லையே என்று நிறுத்துபவர்கள்தான் அதிகம் இருப்பார்கள் போலிருக்கிறது. வாரா வாரம் போகிறோம், பணம் செலவாகிறது, கை வீங்குகிறது, தும்மல் மட்டும் அப்படியே இருக்கிறது! நான்காவது மாதத்தில் அவளுக்கும் அந்தச் சலிப்பு வந்தது. "தூதுவளை ரசமாவது ருசியா இருக்கும்" என்று பாட்டி கிண்டல் வேறு.

ஆனால் ஆரம்ப மாதங்களில் பலனை எதிர்பார்ப்பதே தவறு. அப்போது போடுவதெல்லாம் அளவில் மிகக் குறைவானவை. முழு அளவை எட்டிய பிறகுதான் மாற்றம் தெரிய ஆரம்பிக்கும், நன்றாகத் தெரிய ஒரு வருடம்கூட ஆகலாம். அதுவரை மாத்திரையையும் ஸ்ப்ரேயையும் நிறுத்த வேண்டியதில்லை. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலரை நிறுத்தவே கூடாது.

மாற்றம் வருவதும் சத்தமில்லாமல்தான் வரும். அவளுக்கு அது வந்தது அவளுக்கே தெரியவில்லை. செட்டிரிசின் அட்டை ஒன்று பத்து நாளில் தீர்ந்துகொண்டிருந்தது, ஒரு மாதம் வந்தது, பிறகு இரண்டு மாதம் வந்தது. அடுத்த போகிக்குப் பரண் மேலிருந்த பழைய பாயை இறக்கித் தட்டியவள் அவள்தான். அவ்வளவு தூசியிலும் நான்கு தும்மலோடு முடிந்தது. தும்மல் அடியோடு போய்விட்டதா என்றால், இல்லை. மழைக்காலத்தில் இன்னும் வருகிறது. ஆனால் ராத்திரியில் மூக்கால் மூச்சு விட்டுத் தூங்குகிறாள்.

எல்லோருக்கும் இப்படி நடக்கும் என்று சொல்ல முடியாது. முழு அளவில் ஒரு வருடம் போட்டும் எந்த மாற்றமும் இல்லை என்றால் நிறுத்திவிட்டு வேறு வழி பார்ப்பதே முறை. சோதனையில் பிடித்த பொருள் தவறாக இருக்கலாம், சாற்றின் அளவு போதாமல் இருக்கலாம், வீட்டுத் தூசி குறையாமல் இருக்கலாம்.

நன்றாகிவிட்டதே, இரண்டு வருடத்தில் நிறுத்திவிடலாமா? இங்கேதான் பலரும் கோட்டை விடுகிறார்கள். லண்டனில் ஸ்டீபன் டர்ஹாம் குழுவினர் 1999ல் வெளியிட்ட ஆய்வில், புல் மகரந்த ஊசியை மூன்று நான்கு வருடம் போட்டு நிறுத்தியவர்களுக்கு, நிறுத்திய பின்னும் மூன்று வருடம் பலன் நீடித்தது தெரிந்தது. 2017ல் லண்டனிலிருந்தே இன்னொரு ஆய்வு வந்தது. அதில் நாக்குக்கு அடியில் வைக்கும் மகரந்த மாத்திரையை இரண்டு வருடம் கொடுத்து நிறுத்தினார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தால், வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை! மூன்று வருடம் என்பது டாக்டர் வாய்க்கு வந்தபடி சொல்லும் கணக்கு இல்லை.

யாருக்கு, யாருக்கு வேண்டாம்

தூசிப் பூச்சி, மகரந்தம் போன்றவற்றால் வரும் மூக்கு, கண் தொல்லைக்கும், கட்டுக்குள் இருக்கும் ஒவ்வாமை ஆஸ்துமாவுக்கும் இந்த ஊசி பயன்படும். குளவி, தேனீ கொட்டி உயிருக்கு ஆபத்து வந்தவர்களுக்கு இது கிட்டத்தட்டக் கவசம் மாதிரி. அங்கே இதன் வெற்றி மிக அதிகம். உணவு ஒவ்வாமைக்கு இந்த ஊசி இல்லை. காரணம் தெரியாமல் மாதக்கணக்கில் வரும் காணாக்கடிக்கும் இல்லை. மிகச் சிறு குழந்தைகளுக்கு, தொண்டை அடைக்கிறது என்று சொல்லத் தெரியாத வயதில், பொதுவாகத் தவிர்ப்பார்கள். ஊசியே வேண்டாம் என்பவர்களுக்கு நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்தும் மாத்திரையும் இருக்கின்றன. முதல் வேளையை டாக்டர் முன்னால் எடுத்துவிட்டு, மற்றதை வீட்டிலேயே எடுக்கலாம். கடுமையான எதிர்வினை அதில் இன்னும் குறைவு. ஆனால் தினமும் மறக்காமல் எடுக்க வேண்டும், அதுவும் வருடக்கணக்கில். எப்படிப் பார்த்தாலும் காலத்தை மிச்சம் பிடிக்க வழியில்லை.

ஆரம்பிக்க நினைப்பவர்கள் டாக்டரிடம் நான்கு கேள்வி கேட்டுவிடுங்கள். எந்தப் பொருளுக்கு ஊசி, அதுதான் என் தொல்லைக்குக் காரணம் என்று எப்படித் தெரிந்தது? எத்தனை வருடம், மொத்தம் எவ்வளவு செலவு? எதிர்வினை வந்தால் இங்கே என்ன செய்வீர்கள்? பலன் இருக்கிறதா என்று எப்போது பார்ப்போம்? நான்குக்கும் தெளிவான பதில் கிடைத்தால் தைரியமாக ஆரம்பிக்கலாம்.

காத்திருக்கும் அரை மணி நேரத்துக்குப் படிக்க ஏதாவது கையோடு எடுத்துப் போங்கள். அங்கே இருக்கும் பத்திரிகைகள் எல்லாம் போன வருடத்தியதாகத்தான் இருக்கும்!